ஏற்காட்டில் காட்டைத் தாங்குவது காப்பித் தோட்டம்

ஏற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியில் படகு விடத்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி ஏற்காடு வழியிலேயே இருக்கிறது. அடிவாரத்தில் முட்புதர்க் காடு, கோடையில் அத்தனையும் சருகு. சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் இலையுதிர் காடும் மூங்கிலும். இருபதாவது வளைவு முடிவதற்குள் காற்றே மாறிவிடும், சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் வந்துவிடும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதற்காக அழிந்தது சோலைக்காடு. ஆனால் இன்று மலையில் மிச்சமிருக்கும் பெரிய மரங்களில் பல, பழைய எஸ்டேட்டுகளில் காப்பிக்கு நிழலுக்காக விட்டுவைத்தவைதான். அத்தி, பலா, நாவல் என்று பறவைகளுக்குப் பழம் தருகிற மரங்கள். காப்புக்காட்டுக்கு வனத்துறை இருக்கிறது. பட்டா நிலத்து மரத்துக்கு முதலாளியின் கணக்குப் புத்தகம்தான் காவல்.

தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "சில்வர் ஓக்குன்னா நேரா வளரும், மொளகும் ஏறும், வெட்டி வித்தாலும் காசு. அத்தி மரத்துல என்ன கெடைக்கும் கண்ணு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இங்கே இருக்கிறது. அவசியம் பாருங்கள். ஆனால் தொட்டியில் பிழைத்திருக்கும் அந்தச் செடிகளில் பல, காட்டில் மரப்பட்டையைப் பற்றி வளர்பவை. மரம் போனபின் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

சேர்வராயன் கோயில் மேட்டில் கதையே வேறு. 1,600 மீட்டருக்கு மேல் புல்வெளி, காற்று, குகைக்குள் சாமி. இந்த மலைத்தொடரின் உச்சிகளில் இருப்பது பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டிக்கொண்டு போனார்கள். தாது மேலாகவே கிடப்பதால், எடுப்பதென்றால் மலையின் தலையைச் சீவவேண்டும். கீழே சேலத்துப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்கள். ஆக மலைக்கு மேலும் தோண்டல், கீழும் தோண்டல்!

சுரங்கமாவது கண்ணுக்குத் தெரியும், எதிர்த்துப் பேச ஆள் வரும். எஸ்டேட் ஒன்று மனைகளாகப் பிரிந்து விற்கும்போது யாரும் வருவதில்லை. முதலில் போவது அந்த நிழல் மரங்கள். சரி, இறங்கும்போது குப்பனூர் பாதையில் இறங்குங்கள். கூட்டம் குறைவு.