ஊகிக்கச் சொன்ன பாடம்

பாடத்தை வாசிக்கத் தொடங்குமுன் அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போடும் வழக்கத்தை நான் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளுமாக எழுதிய நோட்டுகளைத் திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது. ‘பொருள் எழுதுக’ என்று தேர்வில் கேட்டால் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதே சொல் அடுத்த பாடத்தில் வேறொரு வாக்கியத்துக்குள் வந்தால், ஊருக்குப் புதிதாய் வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதனால்தான் முதலில் வாசிப்போம், தெரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் பார்த்து ஊகிப்போம் என்று மாற்றினேன். அந்த மாற்றம் தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் சொன்னதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அன்றைய வாசிப்புக்குக் கண்மாய்ப் பாசனம் பற்றி நானே இரண்டு பத்தி எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். எங்கள் சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையும், கண்மாய் நிறைந்தால் நீர் வழிந்தோடும் கலுங்கும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலும் புதிதல்ல. அந்தப் பையனோ மடை திறந்துவிடும் வீட்டுப் பிள்ளை. கலுங்கில் எந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் ஊரில் பேச்சு எழும் என்று வகுப்புக்கே அவன்தான் விளக்கினான். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனும் அல்ல. தடங்கல் இல்லாமல் வாசிப்பான்.

‘கண்மாய் நிறைந்ததும் உபரிநீர் கலுங்கு வழியாக வெளியேற்றப்படும்’ என்பது வாக்கியம். உபரிநீர் என்றால் என்னவாக இருக்கும் என்று கேட்டேன். அவன் உடனே, “அழுக்குத் தண்ணீர், ஐயா” என்றான்.

“எதை வைத்துச் சொல்கிறாய்?”

“வெளியேற்றுவது என்றால் வேண்டாததைத்தானே ஐயா வெளியேற்றுவார்கள்?”

‘நிறைந்ததும்’ என்ற சொல்லைக் கவனித்துத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். “நிறைந்தால் செத்தையும் நுரையும் மேலே மிதந்து வரும். அதுதான் முதலில் கலுங்கில் போகும்” என்றான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறான், மறுக்க முடியவில்லை. அதற்குள் முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, “தேவைக்கு மேல் மிச்சமாக இருக்கிற தண்ணீர்” என்றாள். சரி என்று சொல்லி அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன்.

“அவள் ஊகிக்கவில்லை, ஐயா. அவளுக்கு முன்பே தெரியும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு படி விடுபட்டதைச் சுட்டுவதுபோல இயல்பாகச் சொன்னான். “வாசிக்க வாசிக்க உனக்கும் தெரிந்துவிடும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நாற்பது பேர் வகுப்பில், பாடவேளை முடிகிற நேரத்தில், வேறென்ன சொல்ல முடியும் என்று அப்போது தோன்றியது. இப்போதும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. வேறு சில நாள், அவன் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று படுகிறது. அவள் வீட்டில் நாளிதழ் வாங்குகிறார்கள். ‘உபரி’ அங்கே வாரம் ஒருமுறையாவது வரும் சொல். நான் ஊகிக்கும் திறனைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு, வீட்டில் என்ன வாசிக்கிறார்கள் என்பதைத்தான் சோதித்தேனோ?

இதைப் பற்றி ஆய்வாளர்கள் யோசிக்காமல் இல்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களை வைத்து பால் நேஷனும் உடன் ஆய்ந்தவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, துணையின்றி ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். சூழல் எப்போதும் பொருளைக் காட்டிக்கொடுப்பதில்லை, சில நேரம் தவறான பொருளுக்கே இழுத்துச் செல்லும் என்று இசபெல் பெக் குழுவினர் 1983-லேயே எழுதிவிட்டார்கள். என் வாக்கியம் அந்த வகை. அவன் ஊகம் அதற்குப் பொருந்தவே செய்தது.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. பாடநூலின் ‘சொல்லும் பொருளும்’ பகுதியில் பெரும்பாலும் செய்யுள் சொற்களே இடம்பெறுகின்றன. பிள்ளைகள் முட்டிக்கொள்வது அங்கே மட்டுமல்ல. உபரி, கொள்ளளவு, புறக்கணிப்பு, எனினும், இதன் விளைவாக என்று அச்சில் மட்டும் புழங்கி, வீட்டுப் பேச்சில் தலைகாட்டாத சொற்கள் இருக்கின்றனவே, அங்கேதான் அதிகம் முட்டிக்கொள்கிறார்கள். இவற்றை யாரும் அருஞ்சொல் என்று கருதுவதில்லை. ஆசிரியர்களாகிய நமக்கு இவை அன்றாடச் சொற்கள், அதனால் கண்ணில் படுவதில்லை. அகராதியைப் பார் என்று சொல்லலாம். ஆனால் ‘புறக்கணிக்கப்பட்டதால்’ என்பதை அகராதியில் தேடுகிற பிள்ளை, முதலில் அதை உரித்து ‘புறக்கணி’க்கு வர வேண்டும். ‘சென்றது’ என்பதற்கு ‘செல்’லைத் தேட வேண்டும் என்பதை எத்தனை வகுப்பில் உட்கார்ந்து காட்டியிருக்கிறோம்?

இப்போது வாசிப்புக்கு முந்திய இரவே அப்படிப்பட்ட நான்கைந்து சொற்களைப் பொறுக்கி வைத்துக்கொள்கிறேன். பலகையில் பொருளாக எழுதுவதில்லை. வாயால், பிள்ளைகள் அறிந்த காரியத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். சத்துணவில் எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சிய முட்டைகள் உபரி. அதே சொல் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வகுப்பில் வரும்படி பார்த்துக்கொள்கிறேன். ஊகிப்பதற்கென்று ஒன்றிரண்டை விட்டுவைக்கிறேன். சுற்றியுள்ள மற்ற சொற்களெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியும் என்று உறுதியான இடத்தில் மட்டும்.

அவன் இப்போது சிரமமில்லாமல் புரிந்துகொள்கிறான். ‘உபரி’யை வைத்து ஒரு வாக்கியமும் சரியாக எழுதினான். முறை சரியாக அமைந்துவிட்டது என்று இதை வைத்து எழுதிவிடலாம்தான். ஆனால் நான் சொல்லாமல் விட்ட ஐந்தாவது சொல் வரும்போது, வகுப்பே வாசிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது. அவனும்தான். ஊகிக்கச் சொன்ன நாட்களில் தப்போ சரியோ ஏதாவது சொன்னார்கள். சொன்னதற்குக் காரணமும் காட்டினார்கள்.