செயலற்ற ஆலோசனைக் குழுக்களைக் கலைக்கும் சட்டமுன்வடிவு: வரைவுப் பணியில் நான் கண்டவை

அரசின் செயலற்ற ஆலோசனைக் குழுக்களைக் கலைப்பதற்கான சட்டமுன்வடிவைத் தயாரிக்கும் பணி என்னிடம் வந்தபோது, குழுக்களின் பெயர்களை ஓர் அட்டவணையில் எழுதி, 'இவை கலைக்கப்படுகின்றன' என்று ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும் என்றே நினைத்தேன். அந்த அட்டவணையை முடிப்பதற்கே பல மாதங்கள் ஆயின.

அரசாணையால் அமைந்த குழுக்களை இன்னோர் அரசாணையே கலைத்துவிடும் என்பதால் அவற்றை முதலில் ஒதுக்கினோம். சட்டத்தால் உருவான குழுவை நீக்கச் சட்டமன்றம்தான் வேண்டும்.

எது செயலற்றது என்பதற்குக் கடைசிக் கூட்டத்தின் தேதியையே அளவுகோலாகக் கொண்டோம். அதுதான் நான் செய்த பெரிய பிழை. பல ஆண்டுகளாகக் கூடாத ஒரு குழுவின் கோப்பைப் புரட்டியபோது, பதவிக்காலம் முடிந்த உறுப்பினர்களுக்குப் பதிலாக யாரையும் துறை நியமிக்கவில்லை என்பதும், அதனால் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையை (குறைவெண் வரம்பை) எட்ட முடியாமல் குழு முடங்கிக் கிடந்தது என்பதும், எஞ்சியிருந்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தைக் கூட்டும்படி திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியிருந்தார் என்பதும் தெரிந்தன. எந்தக் கடிதத்துக்கும் பதில் போகவில்லை. துறையின் மெத்தனத்தைக் குழுவின் தோல்வியாகப் பதிவு செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பெயரை அட்டவணையிலிருந்து எடுத்துவிடப் பரிந்துரைத்தேன், ஏற்கப்பட்டது.

பிற நாடுகளின் சட்டங்களையும் படித்தோம். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கூட்டாட்சி ஆலோசனைக் குழுச் சட்டத்தின்படி, புதுப்பிக்கப்படாத குழு பொதுவாக 2 ஆண்டுகளில் தானாகவே முடிவுக்கு வரும். பிரிட்டனின் 2011ஆம் ஆண்டுப் பொது அமைப்புகள் சட்டம், ஓர் அமைப்பை ஒழிப்பதற்கு முன் அந்த அமைப்பையே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமையை எங்கள் வரைவிலும் சேர்க்க நான் வற்புறுத்தியதற்கு, பதில் கிடைக்காத அந்தக் கடிதங்களே காரணம்.

கலைப்பது உறுதியான குழுக்களில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. 'குழுவைக் கலந்தாலோசித்த பின்னரே விதிகள் இயற்றப்பட வேண்டும்' என்ற தொடர் வேறு சட்டங்களில் ஆங்காங்கே இருந்தது. குழு மறைந்து தொடர் மட்டும் நின்றால், அதன்பின் இயற்றப்படும் விதி ஒவ்வொன்றையும் நீதிமன்றத்தில் எதிர்க்க இடமுண்டு. தொடரை வெறுமனே நீக்கினாலோ, எவரையும் கேட்காமல் விதி செய்யும் அதிகாரம் துறைக்குக் கிடைத்துவிடும். ஆகவே, வரைவு விதிகளை முன்கூட்டியே வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைப் பெற வேண்டும் என்ற வாசகத்தை அந்த இடங்களில் எல்லாம் சேர்த்தோம். இப்படிப்பட்ட பின்விளைவுத் திருத்தங்கள் முதன்மைப் பிரிவுகளைவிட நீளமாக வளர்ந்தன.

குழுக்கள் ஏற்கெனவே அளித்த பரிந்துரைகளின் பேரில் எடுக்கப்பட்ட முடிவுகள் செல்லும் எனக் காப்புப் பிரிவு ஒன்றையும் எழுதினோம். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் அனைத்தும் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்ற வரியைக் கடைசி வாரத்தில்தான் சேர்த்தேன்; அந்த வரி மாற்றமின்றி நிறைவேறியது.