எலிப்டிகல் வாங்கப் போறீங்களா?

குறைஞ்ச விலையில வீட்டுக்கு எலிப்டிகல், அதாவது நின்னுக்கிட்டே மிதிக்கிற உடற்பயிற்சி மெஷின் தேடுறவங்க திரையையும் ப்ளூடூத்தையும் பார்த்து மயங்கிடாதீங்க. முதல்ல கேட்க வேண்டியது ஸ்ட்ரைட் நீளம், அதாவது மிதி முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் போகுதுன்னு. மலிவான மெஷின்கள்ல 12, 14 அங்குலம்கூட இருக்கும். பெரியவங்களுக்கு 18 அங்குலமாவது வேணும், ஆறடி உயரம்னா 20. குறைஞ்சா கால் நீளவே நீளாது, படியேறுற மாதிரி முட்டி மடங்கிட்டே இருக்கும்.

ஏறி நின்னு கொஞ்சம் வேகமா மிதிச்சுப் பாருங்க, மெஷினோட சட்டம் (ஃப்ரேம்) ஆடினா வேண்டவே வேண்டாம். காந்த ரெசிஸ்டன்ஸ், அதாவது மிதிக்கிறதுக்கு எதிர்ப்பைக் காந்தம் மூலமா கொடுக்கிற அமைப்பு இருக்கிறதா எடுங்க. உரசல் இல்லாததால சத்தமும் கம்மி, தேய்மானமும் கம்மி. மிதி மேல வரும்போது தலை சீலிங்ல இடிக்குமான்னு வீட்லயே டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க, இதைப் பலரும் யோசிக்கிறதே இல்லை. உறுதியான பழைய மெஷின் கிடைச்சா, ஆடுற புதுசை விட அதுவே மேல்ங்கிறது என் கட்சி.