தீர்த்தமலைக்கு ஒரு பிடி தும்பைப்பூ

கார்த்திகை மாசத்துத் திங்கட்கிழமை. மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது, அரூர் பக்கத்தில் ஆயா வீட்டுக் கடலைக்காய்க் கொல்லை வரப்பு முழுக்கத் தும்பை பூத்துக் கிடந்தது. வெயில் ஏறினால் வாடிவிடும் என்று அம்மா விடியலிலேயே என்னையும் என் மகளையும் எழுப்பிவிட்டாள்.

தும்பை பறித்தவர்களுக்குத் தெரியும், அது அவசரத்துக்கு வராது. தண்டைச் சுற்றிப் பந்து மாதிரி பச்சைக் கிண்ணங்கள் நெருக்கமாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பூ, நீட்டிய உதட்டோடு. நுனியைப் பிடித்து லேசாக இழுத்தால் பூ மட்டும் கையோடு வரும், கிண்ணம் செடியிலேயே நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். ஒரு மணி நேரம் மூன்று பேர் குனிந்து பறித்து, கடைசியில் பார்த்தால் ஒரு பிடிதான். பாப்பா ஒரு பூவை வாயில் வைத்துத் தேனை உறிஞ்சப் போனாள், "சாமிக்கு வெச்சுட்டு வந்து குடி கண்ணு" என்று அம்மா தடுத்துவிட்டாள்.

ஆயா சொல்லும் கதை ஒன்று உண்டு. சிவனை நினைத்துத் தவம் இருந்த தும்பை என்ற பெண், அவர் நேரில் வந்ததும் சந்தோஷத்தில் வாய் குழறி, "உன் பாதம் என் தலைமேல்" என்பதை மாற்றி "என் பாதம் உன் தலைமேல்" என்று கேட்டுவிட்டாளாம். அவரும் அப்படியே கொடுத்துவிட்டார். பூவைக் கவிழ்த்துப் பாருங்கள், குட்டிப் பாதம் போலத்தான் இருக்கும்.

ஈர வாழையிலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு தீர்த்தமலை சிவன் கோயிலுக்குப் பஸ் ஏறினோம். அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் படியேறினோம், அம்மாவுக்கு முட்டிவலி, அதனால் உட்கார்ந்து உட்கார்ந்துதான். அப்படி உட்கார்ந்தபோது எனக்கு அதியமான் ஞாபகம் வந்தது. தர்மபுரிதானே அவன் ஆண்ட பழைய தகடூர். நேருக்கு நேர் போரிடப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் தும்பை சூடுவார்கள், அதனால்தான் அந்தப் போரைப் பாடும் புறத்திணைக்கே தும்பை என்று பெயர். அதியமான் படைக்காக ஔவையார் எதிரிகளை எச்சரித்துப் பாடிய புறநானூறு 87ஆம் பாட்டும் தும்பைத் திணைதான். உயிரைக் கொடுக்கத் துணிந்தவன் தலையில் இருந்த பூ, என் மடியில் வாழையிலைக்குள் இருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

மேலே ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து நூலாக விழுந்துகொண்டே இருக்கிறது. ராமர் பூஜைக்குக் கங்கை நீர் எடுக்கப் போன அனுமன் வரத் தாமதமாக, ராமர் அம்பு விட்டு வரவழைத்த நீர் என்பது தலபுராணம். பிந்தி வந்த அனுமன் வீசிய நீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன் தீர்த்தம். தலையில் தண்ணீரை வாங்கிக்கொண்டு, தீர்த்தகிரீஸ்வரர் சன்னதியில் பொட்டலத்தைக் கொடுத்தேன். குருக்கள் பிரித்துப் பார்த்து, "தும்பையா!" என்று சிரித்தபடி மொத்தத்தையும் லிங்கத்தின் உச்சியில் தூவினார். கறுப்புக் கல்லில் அந்த வெள்ளை. கண் நிறைந்துவிட்டது. வடிவாம்பிகையையும் கும்பிட்டு இறங்கினோம்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மழையில் நனைந்து சளி பிடித்திருந்த தம்பி மகனுக்காக ஆயா பத்துப் பூவைப் பாலில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாள், எங்கள் வீட்டில் சளிக்கு முதல் வைத்தியம் அதுதான். பாப்பா உள்ளே வரவில்லை. வரப்பில் குந்தி, ஒவ்வொரு பூவாக இழுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.