ரெமான்ஸ்ட்ரேட்

ஆங்கிலத்தில் ரெமான்ஸ்ட்ரேட் என்றொரு வினைச்சொல் உண்டு. பேச்சில் அதிகம் வராது, கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட சொல். ஒருவர் செய்வது சரியில்லை என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லி ஆட்சேபிப்பது. வெறுமனே கத்துவது இதில் சேராது.

வேர் லத்தீனின் 'மான்ஸ்ட்ராரே', அதாவது காட்டுதல். டெமான்ஸ்ட்ரேட் இதன் உடன்பிறப்பு. மான்ஸ்டரும் தூரத்து உறவுதான், நம்புங்கள்! தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் 'தெளிவாக்கு' என்றே பொருள். எதிர்ப்பு அப்புறம்தான் ஒட்டிக்கொண்டது.

1610இல் நெதர்லாந்தில் ஆர்மீனியஸ் என்ற கிறிஸ்தவ இறையியலாளரின் சீடர்கள், யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் கால்வினிய (புராட்டஸ்டன்ட் பிரிவு ஒன்றின்) முன்விதிக் கொள்கையை ஆட்சேபித்து ஐந்து அம்ச மனு கொடுத்தார்கள். அவர்களுக்குப் பெயரே ரெமான்ஸ்ட்ரன்ட்டுகள் என்றாகிவிட்டது.

1641இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் முதலாம் சார்லஸ் மன்னரிடம் நீட்டிய 'கிராண்ட் ரெமான்ஸ்ட்ரன்ஸ்' இன்னும் பெரிய சமாச்சாரம்: 204 அம்சக் குறைப்பட்டியல். வெறும் 11 வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. மன்னர் ஏற்கவில்லை, அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர்.