பெரிய படம், சின்னப் படம்

"எதைப் போடறதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

என் மாணவி ஒருத்தி அப்படிக் கேட்டபோது சாயங்காலம் மணி நாலேகால். மறுநாள் காலையில் திரையிடல். அவள் செல்போனில் அதே படம் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இன்னொன்றில் கூடுதலாக நாற்பது விநாடி. "பெரிய படத்தையே போடும்மா" என்றேன். யோசிக்க நான் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை வருடம் ஆகிறது. மனசு இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறது.

நீலகிரியில் பந்தலூர் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. பிள்ளைகளில் பலர் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். தாத்தா பாட்டி காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஊர் வரலாற்றைக் குறும்படமாக எடுக்கும் வேலை கொடுத்திருந்தேன். செல்போன் போதும், கைன்மாஸ்டர் செயலியில் வெட்டி ஒட்டலாம், ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் விதி.

தொடங்குவதற்கு முன் ஒரு பீரியட் முழுக்க 1964 ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினேன். இலங்கையின் 1948 சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போன இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இங்கே வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் வனத்துறை இந்த மலைகளில் அரசுத் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. பின்னால் அதுவே டான்டீ ஆனது. "இவ்வளவு பேரைப் பிரிச்சாங்களே, அந்த ஜனங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டேன். வகுப்பே அமைதியாக இருந்தது. நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் பெண் தன் பாட்டியை எடுத்திருந்தாள். பாட்டி முகம் படத்தில் அதிகம் வராது. கைதான் வரும். கொழுந்துக்கறை ஏறி, நுனியில் வெடிப்பு விட்ட விரல்கள். அந்த விரல்கள் தகரப் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த சேலைக்கு அடியிலிருந்து குடும்ப அட்டையை எடுக்கும். இந்தியாவுக்குப் புறப்படும் குடும்பத்துக்குக் கண்டியில் கொடுத்த அட்டை. அதில் வரிசையாகப் பெயர்கள். ஒரு பெயர்மேல் மட்டும் மையால் கோடு இழுத்திருக்கும். கேமராவுக்குப் பின்னாலிருந்து பேத்தியின் குரல் கேட்கும்: "இது யாரு பாட்டி?"

கொஞ்ச நேரம் தகரக்கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். அப்புறம் பாட்டி பேசுவார்.

"எங்க பெரியக்கா. கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு நின்னுச்சு. கப்பலுக்குத் தேதி வந்தப்ப, நான் வரலன்னு அக்கா சொல்லிருச்சுன்னு எங்கப்பா எல்லாருகிட்டயும் சொன்னாரு. அக்கா அப்படிச் சொல்லல. அக்காவுக்கு யாரும் ஆளே அனுப்பல. அந்த வீட்டுல அப்பா முன்பணம் வாங்கியிருந்தாரு."

அந்த நாற்பது விநாடி இதுதான். 1972-இல் பாட்டிக்குப் பதினாலு வயது. அன்றிலிருந்து யாரிடமும் சொல்லாத விஷயம். கொழும்புச் சொகுசில் பெரியக்கா நம்மை மறந்துவிட்டாள் என்பதுதான் அந்தக் குடும்பம் அறிந்த கதை. பாட்டியின் தம்பி இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். கப்பலேறும்போது சின்னப் பையன். அந்தக் கதையை நம்பி, அக்காமேல் கோபத்தோடேயே வயதானவர்.

"பாட்டிகிட்டக் காட்டினியா?" என்று நான் கேட்காமல் இல்லை. கேட்டேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

"போட்டுக் காட்டினேன் சார். வேணாம்னு சொல்லல. வேணும்னும் சொல்லல. போனைக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிருச்சு."

இதைக் கேட்ட பிறகுதான் பெரிய படத்தைப் போடச் சொன்னேன். பாட்டி விவரம் தெரியாதவர் இல்லை, கேமரா ஓடுவது தெரிந்துதான் பேசினார், அந்த அட்டையை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவருக்கே இருந்திருக்கும். எல்லாம் இப்போதும் சரியாகத்தான் படுகிறது. பதினாறு வயசுப் பெண் தலையில் இந்த முடிவைக் கட்டக் கூடாது, வாத்தியார் நான்தான் சுமக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அதுவும் பொய்யில்லை.

ஆனால் அவர்கள் லைன் பள்ளியிலிருந்து இறக்கத்தில் இருபது நிமிட நடை. அன்று மழைகூட இல்லை, வெளிச்சம் நன்றாக இருந்தது. நானே போய்க் கேட்டிருக்கலாம். கடைசி மினி பஸ் போய்விடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் காரணமில்லை. போய்க் கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அந்த வருடம் வந்த படங்களில் உயிருள்ள இடம் அது ஒன்றுதான். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. பேத்தியிடம் சொல்வது வேறு, ஊர் முன்னால் சொல்வது வேறு என்பது எனக்குத் தெரியாதா என்ன?

ஹைடெக் லேபில் திரையிடல். குடும்பத்தோடு வரச் சொல்லி நான்தான் சீட்டு எழுதி அனுப்பியிருந்தேன். பாட்டி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். தம்பி பின்னால் ஜன்னலோரம். மற்ற படங்கள் ஓடின. மாரியம்மன் கோயில், மூடிக் கிடக்கும் பழைய ஃபேக்டரி, கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாம் நினைவுகள். அப்புறம் இந்தப் படம். அந்த நாற்பது விநாடியும் பாட்டி திரையைப் பார்க்கவில்லை. முழுசாகத் திரும்பித் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயந்து பார்த்தாரா? இல்லை, தம்பி கேட்கட்டும் என்றுதான் அந்தப் பெட்டியையே திறந்தாரா? நான் பார்த்தது திரும்பிய கழுத்தை மட்டும்தான். மீதியெல்லாம் எனக்கு வசதியாக நான் சேர்த்துக்கொள்வது.

தம்பி கடைசி வரை இருந்தார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு யாரிடமும் பேசாமல் போனார். வந்திருந்த அதிகாரி ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிப் பாராட்டினார். அந்த நேரத்தில் எனக்கு உறுத்தவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அவள் சொன்னாள்: "சின்னத் தாத்தா எங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல சார்." குற்றம் சொல்கிற குரலில்லை. அதற்கும் கொஞ்ச நாள் கழித்து அவருடைய மகன் பள்ளிக்கு வந்து படத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பா கேட்டாராம். அடுத்த முறை கடைத்தெருவில் பார்த்தபோது, "ராத்திரியில அதையே போட்டுப் போட்டுப் பாக்குறாரு சார், எங்க அத்தைகிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறாரு" என்றார். இதை நன்மையில் சேர்ப்பதா, கெடுதலில் சேர்ப்பதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நடக்காத அதே இருபது நிமிடம். பிளேன்டீ கொடுத்தார். டம்ளரில் சர்க்கரை போடவில்லை. என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தார். இங்கே வந்து ஐம்பது வருடமாகியும் அவர் அதைச் சீனி என்றுதான் சொல்கிறார்.

"நான் முன்னாடியே வந்து உங்களக் கேட்டிருக்கணும்மா" என்றேன்.

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லிருப்பேன் சார்" என்றார். "இன்னும் கொஞ்சம் சீனி வைக்கட்டா?"

அது கண்டித்ததா, ஆறுதல் சொன்னதா? ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரிக் கேட்கிறது. கேட்காமல் விட்டதே நல்லது என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வரும். அதனாலேயே அந்த அர்த்தத்தை நம்பப் பயமாக இருக்கிறது.

இந்த வருடம் ஒரு விதி கூடுதலாக வைத்திருக்கிறேன். படத்தில் பேசியவர் முழுப் படத்தையும் பார்த்து, சரி என்று வாயால் சொன்ன பிறகுதான் என்னிடம் கொண்டு வர வேண்டும். படங்கள் வருகின்றன. தலைமன்னார் வரை கோச்சி என்கிற ரயில், இராமானுஜம் கப்பல், மண்டபத்தில் வரிசை, மலையேறிய முதல் ராத்திரிக் குளிர். எல்லாம் உண்மை. எல்லாரும் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கும் உண்மை. விதி சரியானதுதான். மாற்ற மாட்டேன்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். அவன் தாத்தா ஒரு இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னாராம். "என்னப்பா அது?" என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவனே, "உங்களுக்கும் காட்ட வேணாம்னாரு சார்" என்றான்.

"சரிப்பா, வெட்டிடு" என்றேன். என் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அழிச்சிட்டேன் சார்" என்று போனைக் காட்டினான். அதில் என்ன இருந்திருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.