பிளக் பள்ளத்தில் எண்ணெய்

வண்டியோடு ஒரு எஸ்டிமேட்டும் வந்தது. 1985 மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் எஞ்சின், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போர் அடிக்க வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். பிஸ்டன், ரிங், வால்வு கைடு எல்லாம் புதிது. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: ‘பிளக்கில் ஆயில்’. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தால் எண்ணெய் மேலேறி, பெட்ரோலைப் பற்ற வைக்கும் பிளக்கை நனைக்கும் என்ற கணக்கு.

“நாலு வருஷம் ஷெட்டுல சும்மா நின்ன வண்டி தம்பி. நின்ன இடத்துல ரிங் எப்படித் தேயும்?” என்றார் சார்.

நியாயமான கேள்விதான். நின்ற வண்டியில் ரிங் தேயாது, ஆனால் ஒட்டிக்கொள்ளும். அதைச் சொல்லி அவரை இன்னும் கலக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பானெட்டைத் தூக்கினால் டிரைவர் பக்கம் நாலு பிளக்கும் வரிசையாகத் தெரியும். நாலும் உட்கார்ந்திருக்கும் பள்ளங்களில் எண்ணெயும் தூசியும் குழைந்து கறுப்புக் களியாக அப்பியிருந்தது. மூன்றாவது பிளக் மூடியின் ரப்பர் ஊறிப்போய், விரல் வைத்தால் பிசுபிசுத்தது. அந்த அழுக்கு வழியாகக் கரண்ட் பாடிக்குக் கசிந்தால் பொறி சரியாக விழாது, எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். மிஸ்ஸிங் என்போம். வண்டியும் ஏற்றத்தில் விக்கிக்கொண்டுதான் வந்திருந்தது. அம்பாசடரில் இன்னொரு சங்கடம், சைலன்சர் மேனிஃபோல்டு எதிர்ப் பக்கம். அங்கே ஒழுகினால் புகையும் கருகல் வாசனையும் முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடும். பிளக் பக்கம் ஒழுகுவது சத்தமில்லாமல் மாதக்கணக்கில் சேரும்.

பையன் பிளக் ஸ்பேனரோடு ஓடி வந்தான். “கழட்டவா அண்ணே?”

“தொடாதே” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, சார் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் 1994. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்ததே பெரிய கர்வம். இதே மாதிரி ஒரு வண்டி. பள்ளத்தில் எண்ணெய் நிற்க நிற்கப் பிளக்கைக் கழற்றினேன். மரை தளர்ந்ததும் நின்ற எண்ணெய் மரை வழியே இறங்கி முனையை நனைத்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் எலக்ட்ரோடு சொட்டச் சொட்ட ஈரம். ரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி எஞ்சினை இறக்கினேன். பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் கண்ணாடி மாதிரி இருந்தது. வேலைக்குப் பணம் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் மேஸ்திரி திட்டவில்லை. “எண்ணெய் உள்ளேயிருந்து வந்துச்சா, வெளியேயிருந்து போச்சான்னு பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதனால் இந்தத் தடவை முதலில் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும். பிறகு கம்ப்ரஷர் காற்றால் ஒவ்வொரு பள்ளத்தையும் ஊதி, வேஸ்ட் துணியை ஒரு குச்சியில் சுற்றித் துடைத்தோம். இதைச் செய்யாமல் கழற்றினால் மணலும் சிலிண்டருக்குள் விழும். அதன்பின் பிளக்கை எடுத்தபோது நாலு முனையும் காய்ந்து, பழுப்பாக இருந்தன. வெளிப் பீங்கானில்தான் எண்ணெய்க் கறை. நாலையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தோம். எல்லாம் 120 பவுண்டுக்கு மேல், ஒன்றுக்கொன்று 10 பவுண்டுக்குள்தான் வித்தியாசம். ரிங் போயிருந்தால் இவ்வளவு ஏறாது. அந்த எஸ்டிமேட்டை மடித்து சாரிடமே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் எங்கிருந்து வருகிறது? எஞ்சின் தலைப்பகுதியின் பக்கவாட்டை நன்றாகக் காய வைத்து, பையன் பையிலிருந்த முகப் பவுடரை வாங்கித் தூவினேன். அவனுக்கு வருத்தம்தான். வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டதும் பவுடரில் கறுப்புக் கோடு விழுந்தது, மேலே எஞ்சின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரின் விளிம்பிலிருந்து கீழே இரண்டாவது, மூன்றாவது பிளக் வரைக்கும். புத்தகத்தில் ராக்கர் கவர் என்று இருக்கும், எங்களுக்கு அது டேப்பட் கவர்தான்.

சரி, கவருக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் கார்க் பேக்கிங் மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். மாற்றினேன். மறுநாள் காலையில் மறுபடி ஈரம். கொஞ்சம் முடுக்கினேன், இன்னும் அதிகமாக வந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். முப்பது வருஷ அனுபவம் இருந்தும் கை இன்னொரு கால் சுற்று முடுக்கத்தான் போனது.

அந்தக் கவர் மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்தது. மேலே நடுவில் இரண்டே நட்டு, அடியில் ரப்பர் புஷ். அந்த ரப்பர் கல்லாகிவிட்டால் நட்டு இறுகுமே தவிரக் கவர் சமமாக அமராது. மேலும் முடுக்கினால் நடுப்பகுதி குழிந்து விளிம்பு வளையும். புத்தகக் கணக்கு வெறும் 4 அடி பவுண்டுதான், மணிக்கட்டு பலமே அதற்கு மிச்சம். கவரைக் கழற்றிக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்தேன். நடுவில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தடித்த தகடுகூடத் தாராளமாக நுழைந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் முடுக்கினார்களோ. கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க ஒரு மதியம் போனது. புது ரப்பர் புஷ் போட்டு, பேக்கிங்கை ஷெல்லாக் என்ற அரக்குப் பசை தடவிக் கவரில் மட்டும் ஒட்டினேன், தலைப்பக்கம் லேசாக கிரீஸ். அடுத்த முறை டேப்பட் செட் செய்ய, அதாவது வால்வு இடைவெளி சரிசெய்ய, திறக்கும்போது கார்க் கிழியாமல் வரும். இரண்டு பக்கமும் பேஸ்ட்டைப் பிதுக்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்குப் பிறகும் ஒரு மெல்லிய கசிவு இருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோதுதான் புரிந்தது. உஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. நல்ல எஞ்சினிலும் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்கும், அது வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் அந்த அழுத்தம் எண்ணெயைக் கவர் விளிம்பு வழியே தள்ளும். கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸுக்குப் பதில் யாரோ மெல்லிய ரப்பர் குழாயைச் செருகியிருந்தார்கள். அது வளைவில் மடிந்து மூடிக்கிடந்தது. இன்னொரு வழி, எஞ்சின் பக்கவாட்டிலிருந்து கீழே இறங்கும் குழாய். பையன் வண்டிக்கு அடியில் படுத்துக் கம்பியை விட்டான்.

“அண்ணே, மண்ணு வருது.”

மண் இல்லை, குளவிக் கூடு. நாலு வருஷம் ஷெட்டில் வேறு யாருக்கும் பயன்படாத குழாயில் ஒரு குளவி குடித்தனம் நடத்தியிருக்கிறது. கூட்டின் துண்டுகளைத் தாளில் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார் சார், பேத்திக்குக் காட்ட வேண்டுமாம்.

குழாயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சரியான ஹோஸ் மாட்டி, பிளக் இடைவெளியை 25 தவுக்கு (தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்து, ஊறிப்போன மூடியையும் மாற்றினோம். எஸ்டிமேட்டில் இருந்த தொகையோடு ஒப்பிட்டால் என் பில் டீச் செலவு. சாருக்கு அதில் சந்தேகமே வந்துவிட்டது. “இவ்வளவுதானா தம்பி?” என்று இரண்டு முறை கேட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு செய்தித்தாளோடு வந்தார். வண்டிக்கு அடியில் இரவு முழுக்க விரித்து வைத்திருந்தாராம். நடுவில் நாலணா அகலத்தில் ஒரு எண்ணெய்ப் பொட்டு. பானெட்டைத் திறந்து பார்த்தேன், பிளக் பள்ளங்கள் காய்ந்து தூசியோடு இருந்தன. சொட்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின்முனையிலிருந்து. அந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் மரை மட்டும்தான். புதிதாக இறங்கிய காலத்திலேயே ஒரு சொட்டு விடும்.

“அதை நிறுத்த முடியாதா?”

“முடியாது சார். தாளை மட்டும் மாத்திக்கிட்டே இருங்க.”